சாக மறுக்கும் செல்

உள்ளங்கையைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதே, அது எப்படி வந்தது? தாயின் வயிற்றில் இரண்டு மாதம் ஆகும் முன்பு நம் கை துடுப்பு மாதிரிதான் இருந்தது. வாத்தின் கால்போல விரல்களுக்கு நடுவே சவ்வு ஒட்டியிருந்தது. அந்தச் சவ்வில் இருந்த செல்களுக்கு அடிபடவில்லை, நோய் வரவில்லை. தங்களுக்குள்ளேயே இருந்த கட்டளைப்படி தாமாகவே செத்தன. அவை செத்த இடம்தான் விரலிடுக்கு. நாம் இன்று பேனா பிடிப்பதும் பூத்தொடுப்பதும் சோறு பிசைவதும் பிறக்கும் முன்பே நமக்குள் நடந்த அந்தச் சாவின் புண்ணியத்தில்தான்.

மனிதன் சாகாமல் வாழ முடியுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கைதான் நினைவுக்கு வரும். சாவு என்பது வெளியே எருமைமாட்டில் ஏறி வருகிற ஒன்று, கதவை இறுக்கிச் சாத்தினால் தப்பிக்கலாம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். உடம்பைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. சாவு முதலிலிருந்தே வீட்டுக்குள்தான் இருக்கிறது, வீட்டைக் கட்டிய கொத்தனார்களில் ஒருவராக.

இதைத் துல்லியமாகக் காட்டியது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மண்புழு போன்ற சிற்றுயிர், சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். உடம்பு கண்ணாடிபோல இருக்கும். ஜான் சல்ஸ்டன் என்ற ஆய்வாளர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு முட்டையிலிருந்து முழுப் புழு உருவாகும் வரை ஒவ்வொரு செல்லையும் பின்தொடர்ந்தார். புழுவின் உடம்புக்காக 1,090 செல்கள் பிறக்கின்றன. 131 செல்கள் வழியிலேயே சாகின்றன. மிச்சம் 959. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131, அதே செல்கள், அதே நேரம். இந்தச் சாவுக்கென்றே தனி மரபணுக்கள் இருப்பதை ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். இந்தப் புழுவை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னரும் சேர்ந்து மூவருக்கும் 2002-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

சரி, கட்டளை வந்தும் சாக மறுத்தால் என்ன ஆகும்? அதற்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கு ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது.

ஹென்ரியட்டா லாக்ஸ். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வாழ்ந்த கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய். 1951-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை அங்கே வளர்க்க முயன்ற மனிதச் செல்கள் எல்லாம் சில நாளில் செத்துப்போயின. இவை சாகவில்லை. ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போயின. அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, 31 வயதில், ஹென்ரியட்டா இறந்தார். அவருடைய செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்தது அவற்றில்தான். குடும்பத்துக்கு இந்த விஷயம் தெரியவே இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. அந்த அநியாயத்தைச் சொல்லாமல் அந்தச் செல்களைப் பற்றிப் பேசக் கூடாது.

'ஹீலா' என்ற பெயரில் எழுபது வருடங்களைத் தாண்டியும் சாகாமல் இருக்கும் அந்தச் செல்கள்தான் அவரைக் கொன்றவை.

சாதாரணச் செல் அப்படி இல்லை. 1961-இல் பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வகத்தில் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் இதைக் காட்டினார்கள். அதற்கு முன்பு, நோபல் பெற்ற அலெக்சிஸ் கேரல், கோழிக்குஞ்சின் இதயச் செல்களை முப்பது வருடத்துக்கும் மேல் உயிரோடு வைத்திருப்பதாகச் சொல்லி, உலகமும் நம்பியிருந்தது. ஹேஃப்ளிக் குடுவையில் வளர்த்த மனிதச் செல்களோ 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிட்டன. ஏதோ ஊட்டம் போதவில்லையோ என்ற சந்தேகம் வரும் அல்லவா? பல முறை பிரிந்து வயதான ஆண் செல்களையும், அவ்வளவு பிரியாத பெண் செல்களையும் ஒரே குடுவையில் போட்டார்கள். அதே தண்ணீர், அதே ஊட்டம். ஆனாலும் ஆண் செல்கள் தங்கள் கணக்கு முடிந்ததும் நின்றன. பெண் செல்கள் தொடர்ந்து பெருகின. ஒவ்வொரு செல்லும் தன் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது.

அந்தக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. சேலை முந்தானையில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் கட்டுவார்களே, அதுபோல நம் குரோமோசோம்களின் நுனியிலும் ஒரு காப்பு உண்டு. பெயர் டெலோமியர். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். தேய்ந்ததை மறுபடி நீட்டும் நொதியும் உண்டு, டெலோமரேஸ். எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவரும் இதற்காக 2009-இல் நோபல் பெற்றார்கள். அப்படியானால் அந்த நொதியை எல்லாச் செல்லிலும் முடுக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். நம் உடம்புச் செல்கள் பெரும்பாலானவற்றில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை முடுக்கிவிட்டுக்கொண்டு வாழ்பவை எவை தெரியுமா? பத்தில் ஒன்பது பங்கு புற்றுநோய்கள். அணைத்து வைத்திருப்பதே நமக்கு ஒரு காவல்.

சாகாவரம் பற்றி ஆசையோடு பேசுகிறவர்கள் இந்த முடிச்சைத் தாண்டித்தான் போக வேண்டும். செல் நின்றால் மூப்பு, நிற்காவிட்டால் புற்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒற்றையடிப் பாதைதான் நம் ஆயுள்.

அந்தப் பாதை எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டவர் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ், லண்டனில் இன்சூரன்ஸ் கணக்கர். 1825-இல் அவர் கண்ட ஒழுங்கு இன்றும் மாறவில்லை. முப்பது வயது தாண்டியபின், அந்த ஆண்டில் சாவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. வட்டிக்கு வட்டி மாதிரி. அதனால்தான் புற்றுநோய் அத்தனையையும் நாளைக்கே ஒழித்தால்கூட சராசரி ஆயுள் சுமார் மூன்று வருடம்தான் கூடும் என்று அமெரிக்கக் கணக்குகள் சொல்கின்றன. புற்று விட்டால் இதயம், இதயம் விட்டால் மூளை. இந்தியாவில் சுதந்திரம் வந்தபோது சராசரி ஆயுள் சுமார் 32. இன்று 70-ஐ ஒட்டி இருக்கிறது. இது மகத்தான சாதனை. ஆனால் இதில் பெரும்பகுதி குழந்தைகள் சாகாமல் காப்பாற்றியதால் வந்தது. தடுப்பூசி, நல்ல தண்ணீர், பிரசவ ஆஸ்பத்திரி. மூப்பின் வேகத்தை நாம் இன்னும் தொட்டதே இல்லை.

உச்ச எல்லையைப் பாருங்கள். பிரான்சின் ஆர்ல் நகரத்தில் 1875-இல் பிறந்த ழான் கால்மான் 1997-இல் 122 வயதில் இறந்தார். அவருடைய வயதைச் சந்தேகித்தவர்கள் உண்டு, பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அதற்குப்பின் மருத்துவம் எங்கேயோ போய்விட்டது, ஆனால் 120-ஐக்கூட யாரும் தொடவில்லை. அடுத்த இடத்தில் இருப்பவர் ஜப்பானின் கானே தனாகா, 119.

இயற்கை ஏன் இப்படி வைத்தது? இயற்கைக்கு அதில் அக்கறை இல்லை என்பதுதான் உயிரியலாளர்கள் தரும் விளக்கம். பிள்ளை பெற்று வளர்க்கும் வயதுவரை உடம்பு தாங்கினால் போதும். அதற்கு மேல் பழுது பார்க்கச் செலவழிக்கும் சக்தி, காட்டில் புலி அடித்துவிட்டால் வீண். 1977-இல் தாமஸ் கிர்க்வுட் சொன்ன இந்தக் கருத்தில் எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம். உடம்பு சாகிறது, ஆனால் கருமுட்டையின் வம்சம் சாவதில்லை. நீங்கள் ஒரு செல்லிலிருந்து வந்தீர்கள். அது உங்கள் அம்மாவின் உயிருள்ள செல். அது பாட்டியின் உயிருள்ள செல்லிலிருந்து வந்தது. இப்படியே பின்னால் போனால் 350 கோடி வருடங்களாக அந்த வரிசை ஒரு தடவைகூட அறுந்ததில்லை. அறுந்திருந்தால் நீங்கள் இங்கே இல்லை. அந்த வகையில் சாகாத ஒன்று நமக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நாம் கேட்பது, அதைச் சுமந்துவரும் பல்லக்கும் சாகாமல் இருக்க வேண்டும் என்பதை.

அப்படி இருக்கும் உயிர்களும் இருக்கின்றன. குளத்து நீரில் வாழும் ஹைட்ராவுக்கு மூப்பின் தடயமே தெரியவில்லை. டரிடாப்சிஸ் என்ற சின்ன ஜெல்லிமீன் காயம் பட்டாலோ பட்டினி கிடந்தாலோ தன் உடம்பை உருக்கிக்கொண்டு மறுபடி குழந்தைப் பருவத்துக்குப் போய்விடும். வண்ணத்துப்பூச்சி மறுபடி புழுவாவது போல. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மூளை இல்லை, இழக்க நினைவும் இல்லை. நமக்கு அப்படித் திரும்பிப் போவதும் செத்துப் பிறப்பதும் ஒன்றுதான்.

மருந்துகளில் உருப்படியான நம்பிக்கை தருவது ஒன்று உண்டு. 1964-இல் பசிபிக் கடலின் ராப்பா நூயீ தீவுக்குப் போன மருத்துவக் குழு அள்ளிவந்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் இருந்தது. அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தவர் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த சுரேன் சேகல். தீவின் பெயரையே வைத்து ராப்பாமைசின் என்றார்கள். கனடாவிலிருந்த ஆய்வுக்கூடத்தை நிறுவனம் மூடியபோது, அந்த நுண்ணுயிரைக் குப்பையில் போட மனசு வராமல் சேகல் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் ஃப்ரீசரில் பத்திரப்படுத்தினார். பிறகு அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தானது. 2009-இல், 600 நாள் வயதான, அதாவது மனிதக் கணக்கில் அறுபதை நெருங்கிய எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது பெண் எலிகளின் ஆயுள் உச்சம் 14 சதவீதம், ஆண் எலிகளுக்கு 9 சதவீதம் கூடியது. எலிக்கு. மனிதருக்கு அது ஆயுளைக் கூட்டும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என்பதால் தானாக வாங்கி விழுங்குவது ஆபத்து. இணையத்தில் விற்கும் இளமை மாத்திரைகளுக்கு அந்த எலிச் சான்றுகூடப் பலவற்றுக்குக் கிடையாது. சீனப் பேரரசர்கள் பலர் சாகாமருந்து என்று பாதரசம் தின்று செத்தார்கள். நரை திரை மூப்பு போக்கும் ரசவாதப் பேச்சு நம் ஊரிலும் பழையது.

இன்னொரு பாதை ஷின்யா யமனாகாவுடையது. நான்கே மரபணுக்களை முடுக்கினால் வளர்ந்த தோல் செல் கரு நிலைக்குத் திரும்பிவிடும் என்று 2006-இல் எலிச் செல்களில் காட்டினார். 2012-இல் நோபல். முழுதாகத் திரும்பாமல் பாதி வழியில் நிறுத்தினால் செல் இளமையாகும், வேலையும் மறக்காது என்பது இப்போதைய நம்பிக்கை. 2016-இல் சீக்கிரம் மூப்படையும் எலிகளில், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் முடுக்கி ஐந்து நாள் அணைத்து வைத்ததில் ஆயுள் நீண்டது. விடாமல் முடுக்கியபோது எலிகளுக்குக் கட்டிகள் வந்தன. அதே ஒற்றையடிப் பாதை, அதே இரண்டு பள்ளம்.

இதெல்லாம் ஒருநாள் கைகூடும் என்றே வைத்துக்கொள்வோம். மூப்பே இல்லை. அப்போதும் அது சாகாவரம் ஆகாது. பஸ், மின்சாரம், வெள்ளம், கொள்ளைநோய் எதுவும் போகவில்லையே. இந்தியச் சாலைகளில் மட்டும் 2022-இல் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். விபத்தும் நோயுமாக ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் இறப்பார் என்று வைத்தால், பாதிப் பேர் 700 வருடத்துக்குள் போய்விடுவார்கள். 5,000 வருடம் தாண்டுவது ஆயிரத்தில் ஏழு பேர். சாவு தள்ளிப்போகும், அவ்வளவுதான். மூளையைக் கணினியில் ஏற்றிவிடலாம் என்பவர்களுக்கு, முன்னே பார்த்த அதே புழுவைக் காட்டலாம். அதன் 302 நரம்புச் செல்களின் இணைப்பு வரைபடம் 1986-இலேயே வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அந்தப் புழுவை முழுசாகக் கணினியில் உயிர்ப்பிக்க இன்னும் முடியவில்லை. நம் தலையில் இருப்பது 8,600 கோடி. முடிந்தாலும் அங்கே ஓடுவது நீங்களா, உங்கள் நகலா?

ஆக, முடியுமா என்றால், ஆரோக்கியமான வருடங்களைக் கூட்ட முடியும் என்று நான் நம்புகிறேன். சாகாமல் இருக்க முடியாது.

வேண்டுமா என்ற கேள்வி இதைவிடக் கடினம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ராத்திரி உட்கார்ந்தவர் யாரும் சாவு நல்லது என்று எளிதில் சொல்லமாட்டார். என் அம்மாவுக்குப் பத்து வருடம் கூடக் கிடைக்கும் என்றால் நான் கையேந்தி வாங்கிக்கொள்வேன், தத்துவம் பேசமாட்டேன்.

ஆனால் அப்பத்தா ஞாபகம் வருகிறது. 93 வயதுவரை இருந்தார். கடைசித் தங்கச்சி இறந்த செய்தி வந்த அன்று அவர் அழவில்லை. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, சுருக்குப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "இனிமே என்னை வாடி போடின்னு கூப்பிட யாருப்பா இருக்கா?" வீடு நிறைய நாங்கள் இருந்தோம். எல்லோரும் அவரை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவோம். ழான் கால்மான் தன் ஒரே மகளை 1934-இலும், கணவரை 1942-இலும், ஒரே பேரனை 1963-இலும் இழந்துவிட்டு, அதற்கப்புறம் 34 வருடம் வாழ்ந்தார்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு: எல்லோருக்கும் நீண்ட ஆயுள் கிடைத்தால் தங்கச்சியும் கூடவே இருப்பாளே? உண்மை. தனிமை ஒருவர் மட்டும் வாழ்வதன் குறை, நீண்ட வாழ்வின் குறை அல்ல. அதனால் கேள்வி 'எல்லோருக்குமா' என்ற இடத்தில் வந்து நிற்கிறது. முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு வந்த குழந்தைகளுக்கான மரபணு ஊசி 16 கோடி ரூபாய் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எத்தனை பெற்றோர் குழந்தையின் படத்தைப் போட்டு ஊரெல்லாம் கையேந்தினார்கள்! மூப்பை நிறுத்தும் ஊசி வந்தால் முதலில் யார் கைக்குப் போகும்? எப்போதுமே இப்படித்தான் ஆகும் என்றும் இல்லை. எய்ட்ஸ் மருந்து வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றபோது, 2001-இல் நம் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. பல உயிர்கள் பிழைத்தன. விலை என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. அதியமானுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நெல்லிக்கனி, அதைத் தான் தின்னாமல் அவ்வைக்குக் கொடுத்துவிட்டான். ஒரு கனியைக் கொடுப்பது கொடை. 800 கோடிப் பேருக்குக் கனி வேண்டும் என்றால் கொடையாளி போதாது, அரசும் சட்டமும் வேண்டும்.

எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். அங்கேதான் எனக்கு உண்மையான தயக்கம். உலகத்தில் வருடத்துக்கு சுமார் 13 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன, 6 கோடிப் பேர் இறக்கிறார்கள். இறப்பு நின்றால், இதே வேகத்தில் 60 வருடத்தில் மக்கள்தொகை இரட்டிப்பாகும். அது கூடாது என்றால் பிறப்பை நிறுத்த வேண்டும். பள்ளிக்கூடங்களை ஒவ்வொன்றாக மூட வேண்டும். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். தாத்தா தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டிருக்கும் உலகத்தில் பேரனுக்கு என்ன பெயர் வைப்பது?

நாற்காலிகளும் அப்படித்தான். ஸ்பெயினை 1939 முதல் ஆண்ட பிராங்கோ 1975-இல் 82 வயதில் இறந்தபின்தான் அந்த நாட்டில் தேர்தல் வந்தது, 1977-இல். அவருக்கு மூப்பே இல்லாதிருந்தால்? அறிவியலிலும் இது நடக்கிறது. பெரிய விஞ்ஞானிகள் அகாலத்தில் இறந்தபின் அவர்களுடைய துறைகளில் என்ன ஆனது என்று பார்த்த 2019 ஆய்வு ஒன்று, அதுவரை ஒதுங்கி நின்ற வெளியாட்கள் உள்ளே வந்து புதிய வேலைகள் செய்ததைக் காட்டியது. செல்லைப் பற்றிச் சொன்னதைச் சமூகத்துக்கு அப்படியே பொருத்துவது சரியான வாதம் ஆகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் இடம் விடுவது என்ற ஒன்று இரண்டு இடத்திலும் வேலை செய்வதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதனால் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. நம் பெரியவர்கள் சாமியிடம் கேட்பது என்ன? "நூறு வயசு குடு" என்று கேட்பவர்கள் குறைவு. "படுக்கையில கிடக்காம, யாருக்கும் பாரமில்லாம, கை கால் நல்லா இருக்கும்போதே போயிடணும்" என்பார்கள். ஜேம்ஸ் ஃபிரைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1980-இல் இதையே மருத்துவ இலக்காக எழுதினார்: நோயில் கிடக்கும் காலத்தை ஆயுளின் கடைசி ஓரத்துக்கு ஒடுக்குவது. ராப்பாமைசினோ யமனாகாவின் மரபணுக்களோ, தேய்ந்த மூட்டும் மங்கும் ஞாபகமும் இல்லாத எண்பது வயதைத் தந்தால், அது சர்க்கரையும் மூட்டுவலியுமாகக் கஷ்டப்படும் ஒவ்வொரு தெருவுக்கும் வர வேண்டும். பணம் அங்கே போகட்டும்.

2000-ஆம் ஆண்டில் ஸ்டீவன் ஆஸ்டட், ஜே ஓல்ஷான்ஸ்கி என்ற இரண்டு மூப்பியல் ஆய்வாளர்கள் ஒரு பந்தயம் கட்டினார்கள். 150 வயது வாழப்போகும் மனிதர் ஏற்கெனவே பிறந்துவிட்டார் என்றார் ஆஸ்டட். இல்லை என்றார் ஓல்ஷான்ஸ்கி. ஆளுக்கு 150 டாலர் போட்டு முதலீடு செய்தார்கள், 2016-இல் அதை இரட்டிப்பாக்கினார்கள். முடிவு தெரிவது 2150-இல். அதற்குள் அது பல கோடி டாலராக வளர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஜெயித்தவர் பக்கத்துக்குப் போகும் அந்தப் பணத்தை வாங்கப்போவது அவருடைய வாரிசுகள் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறார்கள், 150 வரும் என்று பந்தயம் கட்டியவரும் சேர்த்துத்தான்.